போட்டோ ஏறமாட்டேங்குதா? கம்ப்யூட்டர் அக்கா பதில்கள்

நம்ம தமிழ்நாடு-கேரளா எல்லைப் பக்கத்து ஊருங்களைப் பத்தின விக்கிப்பீடியா கட்டுரைங்களுக்கு நல்ல போட்டோ வேணும், எடுத்து விக்கிமீடியா காமன்ஸ்ல ஏத்துங்கன்னு முந்தி ஒருக்கா எழுதியிருந்தேன். 2004-ல ஆரம்பிச்ச பொது படக் கிடங்கு அது, தமிழ், மலையாளம், தெலுங்குன்னு எல்லா மொழி விக்கிப்பீடியாவும் அங்கிருந்து படம் எடுத்துக்கும், யார் வேணா ஏத்தலாம், யார் வேணா எடுத்து மாத்திப் போடலாம். அதுக்கப்புறம் வந்த கேள்விங்க முக்காவாசி "அக்கா ஏறமாட்டேங்குது" ரகம்தான், அதனால இந்த மாசம் பக்கம் பூரா படம், படம், படம் மட்டும்தான்.

எங்க மாந்தோப்பு, முதலமடை ஸ்டேஷன் ஆலமரம் எல்லாம் ஐபோன்ல எடுத்து வெச்சிருக்கேன் அக்கா. லேப்டாப்புக்கு காப்பி பண்ணி காமன்ஸ்ல ஏத்தப் போனா இந்த மாதிரி ஃபைலுக்கு அனுமதி இல்லன்னு வருது. பேரோட கடைசில ஹெச்இஐசின்னு இருக்கு. போனை மாத்தணுமா?
— கல்லூரி மாணவர், முதலமடை

போனெல்லாம் மாத்த வேணாம் தம்பி, ஒரு செட்டிங் மாத்துனா போதும். 2017-ல ஐஓஎஸ் 11 வந்ததுல இருந்து ஐபோன் படத்தை ஹெச்இஐசில தான் சேமிக்குது, இடம் கம்மியா பிடிக்கும், தரமும் நல்லாத்தான் இருக்கும், அதுல குத்தம் ஒண்ணுமில்ல. ஆனா அதுக்குள்ள இருக்குற சுருக்குற முறை வீடியோவுக்குன்னு வந்த ஹெச்இவிசி, அதுக்கு மேல பேட்டன்ட், அதாவது கண்டுபிடிச்சவங்க உரிமை, ஏகப்பட்டது கிடக்குது. யார் வேணா காசு குடுக்காம, யாரையும் கேக்காம திறந்து மாத்தலாம்னு நடக்குற இடத்துக்கு இது ஒத்து வராது, அதான் வாசல்லயே நிறுத்திடறாங்க.

இது புதுக்கதை இல்ல. கிஃப்னு ஒண்ணு இருக்கே, 1987-ல கம்ப்யூசர்வ்னு ஒரு கம்பெனி கொண்டு வந்தது, அதுக்குள்ள இருந்த எல்இசட்டபிள்யூ சுருக்கு முறைக்கு பேட்டன்ட் இருக்குன்னு யூனிசிஸ் கம்பெனி 90-கள்ல காசு கேக்க ஆரம்பிச்சதும் கோவம் வந்த ஆளுங்க சேந்து உருவாக்குனதுதான் பிஎன்ஜி, 1996-ல வந்துச்சு. அமெரிக்காவுல அந்த பேட்டன்ட் 2003-ல காலாவதி ஆனதுக்கப்புறம் கிஃப் எல்லாருக்கும் ஃப்ரீ ஆயிருச்சு, ஆனா அதுக்குள்ள பிஎன்ஜி ஊரெல்லாம் பரவியாச்சு.

சரி உங்க விஷயம். செட்டிங்ஸ்ல கேமரா, அதுக்குள்ள ஃபார்மேட்ஸ், அதுல மோஸ்ட் கம்பேட்டிபிள்னு வெச்சிருங்க, இனிமே எடுக்குறது ஜேபெக்கா, அதாவது ஜேபிஜியா விழும். ஏற்கனவே எடுத்ததை மாத்தணும்னா மேக்ல ப்ரிவியூ போதும், விண்டோஸ்னா கிம்ப் போட்டுக்குங்க, ரெண்டும் காசில்லாதது. ஃப்ரீ கன்வர்ட்டர் வெப்சைட்டுகளுக்கு போக வேணாம்னுதான் சொல்லுவேன், யார் வெச்சு நடத்துறாங்கன்னே தெரியாத இடத்துக்கு வீட்டு போட்டோவெல்லாம் அனுப்பி என்னத்துக்கு, அதுவுமில்லாம பாதி சைட்டு கேக்காமலே படத்தை சின்னதாக்கித்தான் திருப்பித் தரும்.

ஜேபெக்கா மாத்தும்போது குவாலிட்டி 92, 95ன்னு வைங்க. 100 வேணாம், ஃபைல் ஊதுமே தவிர கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. முக்கியமா, வெட்டுறது, வெளிச்சம் கூட்டறது, நேர் பண்றது எல்லாத்தையும் ஒரே மூச்சுல பண்ணி ஒரே ஒரு தடவை சேவ் பண்ணுங்க. ஜேபெக் ஒவ்வொரு தடவை திருத்தி சேவ் பண்றப்பவும் கொஞ்சம் தூக்கிப் போட்டுட்டுத்தான் சேவ் பண்ணும், காலைல ஒரு ஆப்ல வெட்டி சேவ், மத்தியானம் இன்னொரு ஆப்ல கலர் ஏத்தி சேவ், சாயங்காலம் மூணாவது ஆப்ல எதோ ஒண்ணுன்னு போனா ஆலமரத்து இலையெல்லாம் பச்சைக் கூழாயிரும். அப்புறம் அந்த ஹெச்இஐசி ஒரிஜினலை அழிச்சிராதீங்க, ஏத்துனதோட முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, நாளைக்கு யாராச்சும் "ஸ்டேஷன் போர்டு தெரியற மாதிரி வேற மாதிரி வெட்டித் தாங்களேன்"னு கேப்பாங்க.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையை பெரிய கேமராவுல எடுத்தேன். தரம் குறையாதுன்னு பிஎன்ஜியா மாத்தி ஏத்துனேன். ஃபைல் 20 எம்பி கிட்ட ஆயிருச்சு, ஆனா கட்டுரைல சின்னதா தெரியறப்போ மத்தவங்க போட்டோவை விட மங்கலா இருக்கு. ஏன்?
— ஸ்டுடியோ உரிமையாளர், கோபாலபுரம்

ரெண்டு சங்கதி இருக்குங்க. முதல்ல, கேமராவே ஜேபெக்கா எடுத்ததை நீங்க பிஎன்ஜி ஆக்குனீங்கன்னா தரம் ஒரு துளி கூட ஏறாது. பிழிஞ்ச கரும்புச் சக்கையை வெள்ளித்தட்டுல வெச்சா சாறு திரும்பி வந்துருமா? ஜேபெக் தூக்கிப்போட்டது போட்டதுதான், பிஎன்ஜி மிச்சமிருக்கறதை பத்திரமா வெச்சுக்கும், அவ்வளவுதான்.

ரெண்டாவது, மங்கல். விக்கிப்பீடியா ஓடுற மீடியாவிக்கி சாஃப்ட்வேர் நீங்க ஏத்துன பெரிய படத்துல இருந்து கட்டுரைக்கு வேணுங்கற சைஸுக்கு தானாவே சின்ன படம் செஞ்சுக்கும். அப்படி செய்யறப்போ ஜேபெக்கா இருந்தா லேசா ஷார்ப்பன் பண்ணும், பிஎன்ஜியா இருந்தா பண்ணாது, ஏன்னா பிஎன்ஜின்னா கோடு, எழுத்து, வரைபடமாத்தான் இருக்கும், அதை ஷார்ப்பன் பண்ணா அசிங்கமாயிரும்னு அதோட கணக்கு. உங்க மாடெல்லாம் மங்கலா நிக்கறதுக்கு அதான் காரணம், கேமரா மேல தப்பில்ல.

இன்னொரு கணக்கும் சொல்லிடறேன், 4000க்கு 3000 புள்ளி உள்ள படம்னா 1 கோடியே 20 லட்சம் புள்ளி, புள்ளிக்கு மூணு பைட்டு, ஆக சுருக்காம வெச்சா 36 எம்பி. பிஎன்ஜி எதையும் தூக்கிப் போடாம சுருக்குறதால மாட்டு ரோமம், வைக்கோல், புழுதின்னு ஒவ்வொரு புள்ளியும் வேற வேற கலர்ல இருக்குற படத்துல அதால ரொம்ப சுருக்க முடியாது. அதே பிஎன்ஜிகிட்ட வெள்ளைப் பேப்பர்ல நாலு கோடு போட்ட படத்தைக் குடுங்க, ஜேபெக்கை விட சின்னதா, சுத்தமா முடிச்சுத் தரும். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு புள்ளி கட்டமா பிரிச்சுத்தான் வேலை செய்யும், ஒரு கட்டத்துக்குள்ள கறுப்பு எழுத்தோட விளிம்பும் வெள்ளையும் சேந்து வந்துச்சுன்னா தடுமாறிப்போகும். சந்தேகம்னா குறைஞ்ச குவாலிட்டி ஜேபெக் சார்ட் ஒண்ணை நாலு மடங்கு பெருசாக்கிப் பாருங்க, எழுத்தைச் சுத்தி சாம்பல் கலர்ல கொசு மொய்ச்ச மாதிரி புள்ளி தெரியும், அந்தப் புள்ளியெல்லாம் சதுர சதுரமா ஒரு கட்டத்துக்குள்ளயே நிக்கும்.

அதனால சந்தை, கோயில், மலை, மனுசங்க எல்லாம் ஜேபெக். ஸ்க்ரீன்ஷாட், சார்ட், பின்னணி இல்லாத படம் எல்லாம் பிஎன்ஜி. ரா ஃபைல்ல எடுத்து நல்லா டெவலப் பண்ற ஆளா நீங்க இருந்தா டிஃப்னு (TIFF) தரம் இழக்காத ஃபைல் ஒண்ணையும் கூட ஏத்தி வைக்கலாம், காமன்ஸ் வாங்கிக்கும், ஆனா பெரும்பாலான பிரவுசர் டிஃபை நேரடியா காட்டாது, ஆக கட்டுரைக்கு ஜேபெக், பின்னாடி வேலை செய்யறவங்களுக்கு டிஃப்னு ரெண்டும் இருக்கட்டும்.

வெப்பின்னு முடியற ஃபைலை ஜேபிஜின்னு பேர் மாத்தி ஏத்தினேன், "ஃபைலோட வகையும் பேரும் பொருந்தல"ன்னு திட்டுது. வேற யாருக்கும் இப்படி வருதா?
— வண்டித்தாவளம்

எல்லாருக்கும் வரும் கண்ணு. பேர் மாத்துனா ஃபைல் மாறாது. ஒவ்வொரு ஃபைலும் தொடங்குற எடத்துல முதல் சில பைட்டுலயே நான் இன்னார்னு எழுதி வெச்சிருக்கும், கிஃப் ஃபைலைத் திறந்தா முதல் மூணு எழுத்தே ஜி, ஐ, எஃப்தான், சர்வர் அதைத்தான் பாக்கும். வெப்பி கூகுள் 2010-ல விட்டது, காமன்ஸே நேரடியா வாங்கிக்கும், அப்புறம் எதுக்கு வேஷம். ஆனா ஒரு சந்தேகம் கேக்கறேன், போன் கேமரா வெப்பியா எடுக்காது, அப்ப அந்தப் படம் எதோ வெப்சைட்ல இருந்து இறக்கினதுதானே? நீங்க எடுத்த படம் இல்லன்னா ஃபார்மேட் கேள்வியே வராது, ஏத்தக்கூடாது, அவ்வளவுதான்.

1949-க்கு முன்னாடி எங்க சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யத்துல இருந்துச்சு, சுத்தி மலபார், கோயமுத்தூர் ஜில்லான்னு மெட்ராஸ் மாகாணம். அதைக் காட்டற மேப் ஒண்ணு தமிழ்லயும் மலையாளத்துலயும் போடணும்னு நாங்க நாலு பேர் சேந்து வரையறோம். பிஎன்ஜியா எஸ்விஜியா? எஸ்விஜி போட்டுப் பாத்தோம், கொழிஞ்சாம்பாறைங்கறதுல கொம்பு தனியா துணைக்கால் தனியா போய் நிக்குது, பாக்கவே கஷ்டமா இருக்கு அக்கா.
— ஆராய்ச்சி மாணவி, கொழிஞ்சாம்பாறை

நல்ல வேலை எடுத்திருக்கீங்க, எஸ்விஜிதான், வேற யோசனையே வேணாம். நாலு பேர் சேந்து வரையறீங்க, ரெண்டு மொழி வேணும், நாளைக்கு யாரோ ஒருத்தர் "நல்லேப்பிள்ளி எல்லை இங்க தப்பா இருக்கு"ன்னு வருவாங்க, வராம இருக்க மாட்டாங்க. பிஎன்ஜியா இருந்தா அவங்க முழுசா மறுபடி வரையணும், எஸ்விஜின்னா அந்த ஒரு கோட்டை இழுத்து சரி பண்ணிட்டு போயிருவாங்க. கூட்டா நடக்குற சைட்டுக்கு ஃபார்மேட் தேடறப்போ நான் பாக்குறது இதைத்தான், எனக்கு எப்படித் தெரியுதுங்கறதை விட எனக்கப்புறம் இதைத் தொடப்போற முகம் தெரியாத ஆளுக்கு கை வைக்க எடம் இருக்கான்னு.

இப்ப கொம்பு. எஸ்விஜிங்கறது 2001-ல வந்த தரம், உள்ள இருக்கறது பூரா எழுத்துல எழுதின கட்டளைதான், இங்க கோடு போடு, இங்க இந்த வார்த்தையை இந்த ஃபான்ட்ல எழுதுன்னு. ஃபான்ட் அதுக்குள்ள இருக்காது. விக்கிப்பீடியா வாசகருக்கு பெரும்பாலும் எஸ்விஜியை அப்படியே அனுப்பறதில்ல, சர்வர்லயே லிப்ஆர்எஸ்விஜின்னு ஒரு சாஃப்ட்வேர் வெச்சு பிஎன்ஜியா மாத்தித்தான் அனுப்புது. உங்க லேப்டாப்ல லதா ஃபான்ட்ல எழுதிட்டீங்க, அது மைக்ரோசாஃப்டோடது, சர்வர்ல இருக்கறதெல்லாம் சுதந்திர லைசென்ஸ் ஃபான்ட் மட்டும். அது என்ன பண்ணும், கையில கெடச்ச வேற ஃபான்டை எடுத்து வெச்சு எழுதும், வார்த்தை நீளும், குறுகும், பக்கத்து ஊர் மேல ஏறி உக்காரும். லோகித் தமிழ் மாதிரி சுதந்திர ஃபான்ட்ல மாத்திட்டீங்கன்னா இந்த நீளத் தகராறு பெருமளவு போயிரும்.

கொம்பு தனியா போறது அதைவிட வேற வியாதி. முதல்ல வேற சாஃப்ட்வேர்ல வரைஞ்சு பிடிஎஃப் ஆக்கி அதை இங்க்ஸ்கேப்ங்கற வரையற சாஃப்ட்வேர்ல திறந்து எஸ்விஜியா சேவ் பண்ணியிருப்பீங்கன்னு நெனைக்கறேன். பிடிஎஃப் வழியா வந்தா "கொ" ஒரு எழுத்தா வராது, கொம்பு ஒரு இடத்துல, க ஒரு இடத்துல, கால் ஒரு இடத்துலன்னு மூணுக்கும் தனித்தனியா இடம் குறிச்சு வெச்சிருக்கும், அப்புறம் எந்த ஃபான்ட் போட்டாலும் அது மூணும் சேராது. எழுத்துக்கு நடுவுல இடைவெளி கூட்டியிருந்தாலும் சில சமயம் இதே கதைதான். எல்லா ஊர்ப் பேரையும் அழிச்சிட்டு இங்க்ஸ்கேப்லயே யூனிகோட்ல புதுசா அடிங்க, மேப்ல இருக்கறது முப்பது ஊரா நாப்பது ஊரா, ஒரு சாயங்காலத்துல முடியற வேலை.

சில பேர் சொல்லுவாங்க எழுத்தையெல்லாம் 'பாத்' (path) ஆக மாத்திட்டா பிரச்சனையே இல்லன்னு, அதாவது எழுத்து எழுத்தா இல்லாம வெறும் கோட்டு உருவமாயிரும். உண்மைதான், எங்க பாத்தாலும் ஒரே மாதிரி தெரியும். ஆனா மலையாளத்துல மாத்தணும்னு வர்ற ஆளுக்கு அங்க மாத்தறதுக்கு எழுத்தே இருக்காதே. எழுத்தா விட்டீங்கன்னா எஸ்விஜி ட்ரான்ஸ்லேட்னு ஒரு டூல் இருக்கு, அதுல உங்க மேப்பைத் திறந்தா ஊர்ப்பேரெல்லாம் பட்டியலா வரும், பக்கத்துல மலையாளத்துல அடிச்சா போதும், ஒரே ஃபைலுக்குள்ள ரெண்டு மொழியும் உக்காந்துக்கும், கட்டுரைல படம் போடறப்போ மொழியைக் குறிச்சா அந்த மொழில காட்டும். கோயமுத்தூர்ப் பக்கத்து ஆளும் பாலக்காட்டு ஆளும் ஒரே மேப்பை பாக்கலாம், எல்லைக்கோடு ஒருத்தர் திருத்துனா ரெண்டு பேருக்கும் திருந்திடும். நம்ம ஊருக்கு இதைவிட என்ன வேணும்!

அப்புறம் ஒண்ணு, அடிப்படை மேப்புக்கு கூகுள் மேப் மேல வெச்சு வரையாதீங்க, உரிமை இடிக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல எடுங்க, பேர் குறிப்பிடணும், மறந்துராதீங்க. ஆன்லைன்ல "ஜேபெக்கை எஸ்விஜி ஆக்கித்தரேன்"னு சொல்ற சைட்டுல குடுத்தும் ஏமாறாதீங்க, பாதி சைட்டு உங்க ஜேபெக்கை அப்படியே உள்ள வெச்சு மேல எஸ்விஜின்னு லேபிள் ஒட்டித் தருவாங்க, பெருசாக்கிப் பாத்தா அதே கட்டம் கட்டமா தெரியும். காமன்ஸ்ல இதுக்கு போலி எஸ்விஜின்னே முத்திரை குத்தி வெச்சிருவாங்க.

எங்க கலைக்குழு லோகோவை ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கோரல்டிரால செஞ்சு குடுத்தார். அதை எஸ்விஜியா எக்ஸ்போர்ட் பண்ணி வாங்கினேன். திறந்தா தமிழ் எழுத்து எல்லாம் சம்பந்தமில்லாத இங்கிலீஷ் எழுத்தா வருது. வைரஸா?
— வேலந்தாவளம்

வைரஸ் இல்லீங்க, பாமினி. நம்ம பக்கம் ஃப்ளெக்ஸ் கடை, கல்யாணப் பத்திரிகை கடை நெறய எடத்துல இன்னும் பாமினி மாதிரி பழைய ஃபான்ட்லதான் ஓட்டறாங்க, அதுல தமிழ்னு கண்ணுக்குத் தெரியறதுக்குள்ள உண்மையில உக்காந்திருக்கறது ஜே, கே, பி, ஓ, கடைசில ஒரு செமிகோலன். பாமினி ஃபான்ட் இருக்குற கம்ப்யூட்டர்ல தமிழா தெரியும், இல்லாத எடத்துல அந்த வேஷம் கலைஞ்சிரும். லோகோன்னா யாரும் மொழிபெயர்க்கப் போறதில்ல, அதனால இங்க மட்டும் எழுத்தை கர்வ்ஸா மாத்திக் குடுங்கன்னு கடைக்காரர்கிட்ட கேளுங்க, கோரல்ல கன்வர்ட் டு கர்வ்ஸ்னா அவருக்கே தெரியும், தினம் ப்ரெஸ்ஸுக்கு அனுப்பறது அப்படித்தான். கோரல்டிராவோட ஒரிஜினல் சிடிஆர் ஃபைலையும் ஒரு காப்பி வாங்கி வெச்சுக்குங்க, ஆனா அதை ஏத்த முடியாது. லோகோவுக்கு உரிமை குழுவுக்கா கடைக்காரருக்கான்னும் அப்படியே பேசி எழுதி வாங்கிருங்க.

அம்மணி, எங்க பள்ளிக்கூடத்துல 1960-கள்ல புள்ளைங்க கைப்பட எழுதின கையெழுத்துப் பத்திரிகை, பழைய வரி ரசீது சிலது என்கிட்ட இருக்கு. அக்ஷயா சேவை மையத்துல ஸ்கேன் பண்ணினேன், கறுப்பு வெள்ளைல பிடிஎஃப் குடுத்தாங்க, பென்சில்ல வரைஞ்ச படம் ஒண்ணும் தெரியல. எந்த மாதிரி கேக்கணும்?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எருத்தேன்பதி

வணக்கம் வாத்தியாருங்க. அக்ஷயா சென்டர்ல அவங்க தினமும் பண்றது அப்ளிகேஷனுக்கு ஆதார் காப்பி, ரேஷன்கார்டு காப்பி, அதுக்கு கறுப்பு வெள்ளை போதும், சைஸ் சின்னதா இருந்தாத்தான் கவர்மென்ட் சைட் வாங்கும், அவங்க அந்த செட்டிங்லயே வெச்சிருப்பாங்க. நீங்க கேக்க வேண்டியது: கலர்ல, 300 டிபிஐ (ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி), டிஃப் ஃபைலா, பென் டிரைவ்ல. ஏ4 பக்கம்னா 2480க்கு 3508 புள்ளி வரும், கலர்ல சுருக்காம 26 எம்பி. பயந்துக்காதீங்க, டிஃப்லயே எல்இசட்டபிள்யூவோ ஜிப்போ போட்டு சுருக்கச் சொன்னா ஒரு புள்ளியும் இழக்காம கொறயும். பென்சில் படம் ரொம்ப பொடியா இருக்கற பக்கம் மட்டும் 600ல எடுத்துக்கலாம். கறுப்பு வெள்ளைன்னா ஒவ்வொரு புள்ளியும் ஒண்ணு கறுப்பு இல்லாட்டி வெள்ளை, நடுவுல ஒண்ணும் கிடையாது, லேசான பென்சில் கோடெல்லாம் வெள்ளைல சேந்துரும், மஞ்சளடிச்ச ஓரம் கறுப்புல சேந்துரும், உங்களுக்கு நடந்தது அதுதான்.

வரி ரசீதுக்கு இன்னும் ஒரு எச்சரிக்கை. 2013-ல ஜெர்மனில டேவிட் க்ரீசல்ங்கற கம்ப்யூட்டர் ஆளு ஒருத்தர் கட்டட வரைபடம் ஒண்ணை ஜெராக்ஸ் வொர்க்சென்டர் மெஷின்ல ஸ்கேன் பண்ணிப் பாத்தா ரூம் அளவு எழுதின நம்பரே மாறியிருந்துச்சு, வேற வேற சைஸ் ரூமுக்கெல்லாம் ஒரே அளவு. தோண்டிப் பாத்ததுல ஜேபிக்2ன்னு ஒரு சுருக்கு முறை, ஒரே மாதிரி தெரியற எழுத்தையெல்லாம் ஒண்ணுன்னு முடிவு பண்ணி ஒரே உருவத்தை எல்லா எடத்துலயும் ஒட்டிட்டு போயிருக்கு, 6 இருந்த எடத்துல 8. மங்கலா இருந்தா நமக்கே சந்தேகம் வரும், இது பளிச்சுன்னு தெளிவா தப்பா காட்டும், அதான் கொடுமை. அப்புறம் கம்பெனி சாஃப்ட்வேரை திருத்தி விட்டாங்க. ஆறு சென்ட் நிலம் ரசீதுல எட்டு சென்ட்னு நின்னா நம்மூர்ல என்னாகும்னு நான் சொல்லணுமா. அதனால நம்பர் இருக்கற எதையும் ரொம்ப சுருக்கின கறுப்பு வெள்ளை பிடிஎஃபா மட்டும் வெச்சுக்காதீங்க.

டிஃப் எல்லாம் வீட்டு ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, பையன் வீட்டுல ஒண்ணுன்னு இருக்கட்டும். ஏத்தறதுக்கு அந்த டிஃப்ல இருந்து பக்கங்களை வரிசையா சேத்து ஒரே பிடிஎஃபா பண்ணுங்க, இல்லாட்டி டெஜாவூ. டெஜாவூங்கறது ஏடி அண்ட் டி ஆய்வுக்கூடத்துல ஸ்கேன் புத்தகத்துக்குன்னே செஞ்சது, எழுத்தைத் தனி அடுக்காவும் பேப்பர் நிறத்தைத் தனி அடுக்காவும் பிரிச்சு வெக்கும், ஃபைல் நல்லா சின்னதாகும். ஆனா இப்ப அதைத் திறக்கற சாஃப்ட்வேர் கொறஞ்சுட்டு வருது, எனக்கு கேட்டா பிடிஎஃபே போதும். பல பக்கம் ஒரே ஃபைலா இருந்தா விக்கிமூலம்ங்கற இணைய நூலகத்துல ஒரு பக்கம் ஸ்கேன், பக்கத்துலயே தட்டச்சுன்னு பக்கம் பக்கமா வெச்சு பல பேர் சேந்து மெய்ப்பு பாக்கலாம், நீங்க எருத்தேன்பதில பாதி பாத்து விட்டா மீதியை சிங்கப்பூர்ல யாரோ பாப்பாங்க. ஆனா வாத்தியாருங்க, அந்தப் புள்ளைங்க இப்ப அறுபது எழுபது வயசுக்காரங்க, எழுதுனது அவங்க சொத்து, விசாரிச்சு சம்மதம் வாங்கிட்டு ஏத்துங்க.

கோயில் நோம்பி போட்டோ எல்லாம் வாட்ஸப் குரூப்ல இருந்து எடுத்து ஏத்தினோம். ரொம்ப சின்னதா இருக்குன்னும், யார் எடுத்ததுன்னும் கேக்கறாங்க.
— இளைஞர் மன்றம், மீனாட்சிபுரம்

வாட்ஸப் சாதாரணமா அனுப்பற போட்டோவை சுருக்கி, எடுத்த தேதி, கேமரா பேரு, இடம்னு உள்ள இருக்குற எக்ஸிஃப் தகவலையும் உருவிட்டுத்தான் அனுப்பும். காமன்ஸ்ல புதுசா வர்ற படத்தைப் பாக்கறவங்க எக்ஸிஃப் இல்லாத சின்ன படம்னாலே எங்கயோ சுட்டதுன்னு சந்தேகப்படுவாங்க, அவங்களைக் குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல. எடுத்த ஆளையே டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, ஒரிஜினல் அப்படியே வரும். அதைவிட நல்லது, எடுத்தவரே தன் கணக்குல ஏத்தறது.

ஆனா டாக்குமென்ட்டா வந்தா ஜிபிஎஸ்ஸும் கூடவே வரும், ஏத்துனா ஊருக்கே தெரியும். கோயிலுக்கு இடம் தெரிஞ்சா நல்லதுதான், விட்டுருங்க. வீட்டு வாசல்ல எடுத்த கோலம், தொழுவத்து மாடு, புள்ளைங்க படம்னா போன் கேலரிலயே இடத்தை நீக்கற வசதி இருக்கும், அதை மட்டும் நீக்கிட்டு தேதியையும் கேமராவையும் விட்டு வைங்க.

காத்தாலைக் காத்தாடி சுத்தறதை கிஃப் ஆக்கி ஏத்தலாமா?
— கோவிந்தாபுரம்

ஆக்கலாம், நல்லாருக்காது. கிஃப்ல ஒரு ஃப்ரேமுக்கு 256 கலர்தான், நம்ம பாலக்காட்டுக் கணவாய் வானத்தோட நீலம் பட்டை பட்டையா பிரிஞ்சு நிக்கும், ஃபைலும் வீடியோவை விட பெருசாயிரும். வீடியோவாவே வெப்எம்ங்கற ஃபார்மேட்ல மாத்தி ஏத்துங்க, எம்பி4 அங்க வாங்க மாட்டாங்க, அங்கயும் அதே பேட்டன்ட் கதை. காத்தாடிக்குள்ள கியர் எப்படி சுத்துதுன்னு நாலு கலர்ல வரைஞ்சு காட்டறீங்கன்னா அப்ப கிஃப் சரி.

நான் ஏத்தின ஆனைமலை போட்டோ மேல யாரோ கலரைக் கண்டபடி ஏத்தின வெர்ஷனைப் போட்டுட்டாங்க. திருப்ப முடியுமா? பிஎன்ஜியா புதுசா மேல போட்டா மறுபடி மாத்த மாட்டாங்களா?
— வடகரப்பதி

திருப்பலாம். ஃபைல் பக்கத்துல கீழ ஃபைலோட வரலாறு இருக்கும், உங்க பழைய வெர்ஷன் அங்க பத்திரமா இருக்கும், பக்கத்துலயே மீட்கற லிங்க் இருக்கும், ஒரு அழுத்து. பிஎன்ஜியை மேல போட முடியாது, ஜேபெக்கா பொறந்த ஃபைல் பக்கத்துல புது வெர்ஷனும் ஜேபெக்காத்தான் வரணும், வேற ஃபார்மேட்னா வேற பேர்ல தனி ஃபைல். அதனாலதான் முதல்லயே யோசிச்சு ஏத்தச் சொல்றது. பிஎன்ஜி போட்டா பூட்டு போட்ட மாதிரின்னும் நெனைக்காதீங்க, அதையும் மாத்த முடியும்.

மீட்டதுக்கப்புறம் அந்த ஆளோட பேச்சுப் பக்கத்துல போய் கோவப்படாம எழுதுங்க, "உங்க வெர்ஷனைத் தனிப் பேர்ல ஏத்துங்க, ரெண்டு பக்கத்துலயும் மத்ததோட லிங்கை வேற வெர்ஷன்னு குடுத்துக்கலாம்"னு. சின்னதா சாய்வு சரி பண்றது, தூசு எடுக்கறது மாதிரி திருத்தம்னா அதே ஃபைல் மேல போடலாம், பாக்கறவங்களுக்கு வேற படமாத் தெரியற அளவு மாத்தினா தனி ஃபைல்தான்னு அங்க வழக்கமே இருக்கு, அவருக்கு அது தெரிஞ்சிருக்காது. அவர் திருப்பியும் மாத்தினா நீங்க திருப்பியும் மீட்டு, அவர் திருப்பியும்னு இழுத்துக்கிட்டு இருக்காதீங்க, நிர்வாகி யாரையாவது கூப்பிட்டு விடுங்க. அதுக்குள்ள ஆனைமலைக் கட்டுரைல உங்க படம்தான் வருதான்னு ஒருக்கா பாத்துக்குங்க, பழைய சின்ன படம் கொஞ்ச நேரம் அப்படியே காட்டிட்டு இருக்கும், பக்கத்தை பர்ஜ் பண்ணினா, அதாவது சர்வர்ல இருக்கற பழைய நகலைத் தூக்கிட்டு புதுப்பிச்சா, சரியாயிரும்.